கை நனைத்த நடுவர்

ஆர்.கே.புரம், புதுடில்லி
12.7.2009

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய அத்தானுக்கு டில்லியிலிருந்து கொழுந்தியாள் செல்லக்கனி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் உங்கள் சகலையும் இந்த வெயிலில் கருவாடாகிப்போனாலும் சுகமாகத்தான் இருக்கிறோம். அக்காளின் முழங்கால் கோயில் படி ஏறுகிறதா? உங்கள் காது இன்னும் வேலை நிறுத்தத்தில்தானா?

கையில் செல்போன் இருக்க ஏன் எழுதுகிறாள் என்பீர்கள். உங்களோடு போனில் பேசினால் நான் கத்துவதில் மேல்வீட்டுக்காரி இறங்கி வருகிறாள். நீங்கள் கத்துவதில் கிருபாபுரம் தெரு முழுவதும் ஆமென் சொல்கிறது. இது தெருவுக்கான சங்கதி இல்லை.

ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை என்று இங்கே ஹைகோர்ட்டில் தீர்ப்பு வந்ததே, அங்கே பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒருவரும் பிரசங்கம் கேட்கவில்லை. ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது மூப்பர் செல்லையா, அதுதான் ஆடிட் ஆபீசில் ரிட்டயர் ஆனாரே அவர், சோதோம் பட்டணத்தை அழித்த அக்கினியும் கந்தகமும் டில்லி மேலும் வரப்போகிறது என்றார். பெங்களூரில் வேதக்கல்லூரி படித்த வாலிபர் சங்கத்துப் பையன், "ஐயா, சோதோம் அழிஞ்சது அதனால இல்ல, விருந்தாளிய வெரட்டினதால" என்றான். மூப்பர் டீயைத் தன் ஜிப்பாவிலேயே கொட்டிக்கொண்டார். பாடகர் குழு இரண்டாகிவிட்டது. இன்று காலை பெண்கள் ஒரு சுதியிலும் ஆண்கள் ஒரு சுதியிலும் பாடினார்கள்.

நம் போதகர் பயந்த சுபாவம். சண்டையைத் தள்ளிப்போட ஒரு வழி கண்டுபிடித்தார். அறுப்பின் பண்டிகைக்கு வேதாகமப் பட்டிமன்றமாம். சோதோம் அழிந்தது இச்சையினாலா, விருந்தினரை விரட்டியதாலா? பட்டிமன்றத்தில் யார் எதைப் பேசினாலும் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார். இச்சைக் கட்சிக்கு மூப்பர். இரண்டாவது கட்சிக்கு ஆள் இல்லை. சீட்டுப் போட்டார்கள். என் தலையில் விழுந்தது.

நானோ ஐந்தாம் வகுப்பு. பக்கத்து முனிர்காவில் தங்கிப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போடுகிறவள். விருந்தைப் பற்றிப் பேச உன்னை விட்டால் யார் என்று சிரிக்கிறார்கள். மார்த்தாளா மரியாளா, பேதுருவா பவுலா என்று ஊர் ஊராகப் பட்டிமன்றம் நடத்தியவர் நீங்கள். எனக்கு நாலு பாயின்ட் எழுதி அனுப்பக் கூடாதா?

உங்கள் மகன் ஜெபசிங் சுகம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை நன்றாகப் போகிறது. ஞாயிறு மதியம் கௌதமனோடு சாப்பிட வருகிறான். கௌதமன் என்றால் முனிர்காவில் அவனோடு ஒரே வீட்டில் இருக்கிற பையன். டில்லியிலேயே பிறந்தவன், கணக்கு வாத்தியார். பேசுவதில் பாதி இந்தி. நான் திட்டினால் அவனுக்குப் பாதிதான் வலிக்கும்.

அக்காளுக்கு ஒரு முத்தம். உங்களுக்கு மரியாதை மட்டும்.

செல்லக்கனி


கிருபாபுரம்
24.7.2009

அன்புள்ள செல்லக்கனிக்கும் சகலை தவசிமுத்துவுக்கும் ஞானசிகாமணி எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நாங்கள் சுகம். அன்னக்கனியின் முழங்கால் இறங்குகிறது, ஏறத்தான் மாட்டேன் என்கிறது. என் காது வலதுபக்கம் சற்றுக் கேட்கிறது. இடதுபக்கம் பரலோகத்துக்கு முன்னதாகப் போய்விட்டது.

உன் கடிதத்தை வாசித்து வேதனைப்பட்டேன். அறுப்பின் பண்டிகை என்றால் பூசணிக்காயும் வாழைத்தாரும் கொண்டுவந்து படைத்து ஏலம் போட வேண்டியது. அந்த மேடையில் சோதோமை ஏற்றுவார்களா? நான் இதற்கு ஒரு வசனமும் தரமாட்டேன். வேதம் இந்தக் காரியத்தில் தெளிவாக இருக்கிறது. லேவியராகமம் தெளிவு, ரோமர் தெளிவு, யூதா தெளிவு. பெங்களூரில் படித்தவன் புதிதாக ஒன்றும் எழுதிச் சேர்க்க வேண்டாம்.

ஆனாலும், மேடையில் ஒன்றும் தெரியாமல் நின்று நம் குடும்பத்தை நாணப்படுத்தாதே. எசேக்கியேல் பதினாறாம் அதிகாரம் நாற்பத்தொன்பதாம் வசனத்தை மட்டும் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேள். சோதோமின் அக்கிரமம் இன்னது என்று தீர்க்கதரிசி அங்கே வரிசைப்படுத்துகிறார். கர்வம், வயிறு புடைக்கத் தின்றது, சும்மா இருந்தது, எளியவனுக்குக் கைகொடுக்காதது. அடுத்த வசனத்தில் அருவருப்பு என்றும் வருகிறது. செல்லையா அதைப் பிடிப்பார். அவர் பிடிக்கும் முன் நீயே அதை வாசித்துவிடு. எதிர்க்கட்சியின் வசனத்தை நாமே முதலில் வாசித்துவிட்டால் அதன் பல் போய்விடும். இது பட்டிமன்றத்தின் முறை.

இதோடு சரி. இனி கேட்காதே.

ஜெபசிங்குக்குப் பெண் பார்த்திருக்கிறோம். பெயர் பிரிசில்லா, பள்ளி ஆசிரியை, பாட்டும் உண்டு. ஜனவரியில் வைக்கலாம் என்கிறார்கள். இரண்டு முறை எழுதியும் அவனிடமிருந்து பதில் இல்லை. நீ சொல்.

கர்த்தர் உங்கள் இல்லத்தைக் காப்பாராக.

அத்தான் ஞானசிகாமணி


ஆர்.கே.புரம்
9.8.2009

கர்த்தருக்குள் அன்பான அத்தானுக்கு ஸ்தோத்திரம். மழை வந்து எங்கள் கருவாடு ஊறிவிட்டது. மற்றபடி சுகம். அக்காளுக்குப் பிரண்டைத் துவையல் செய்து கொடுங்கள். நீங்களே அரையுங்கள், காது கேட்காதவருக்கு அம்மிச் சத்தம் தொந்தரவு இல்லை.

ஒரு வசனமும் தரமாட்டேன் என்று எழுதிவிட்டு, எந்த வசனம், எப்படி வாசிக்க வேண்டும், எதிர்க்கட்சிக்காரன் எங்கே கடிப்பான் என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கோபம் இப்படியே இருக்கட்டும், நான் பிழைத்துக்கொள்வேன்.

எசேக்கியேலைக் கௌதமன் எனக்கு வாசித்துக் காட்டினான். எழுத்துக்கூட்டி வாசிக்கிறான் பாவம், தமிழ் எழுத்து பார்த்தால் அவனுக்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி ஆகிவிடும். "ஆன்ட்டி, இதுல நம்மளப் பத்தி எதுவுமே இல்லியே" என்றான். நாம் எல்லோரும் வயிறு புடைக்கத் தின்கிறோமே, இது நம்மைப் பற்றித்தான் என்றேன்.

ஒரே வசனத்தை வைத்து எவ்வளவு நேரம் ஓட்டுவது? மூப்பர் லேவியராகமத்தோடு வருகிறார். ஆளுக்குப் பத்து நிமிஷம். எனக்கு இப்போது இரண்டு நிமிஷத்துக்குத்தான் சரக்கு இருக்கிறது. மீதி எட்டு நிமிஷத்துக்கு முருங்கைக்காய்க் குழம்பு வைக்கும் முறையைத்தான் சொல்ல வேண்டும்.

ஜெபசிங்கிடம் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரியில் டெங்கு சீசன், மூச்சு விட நேரம் இல்லை. ஆசிரியை பாடுவாள் என்பதையும் சொன்னேன். அதையும் கேட்டுக்கொண்டான்.

அக்காள் இதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, ஏன்?

எல்லோருக்கும் எங்கள் அன்பு.

செல்லக்கனி


கிருபாபுரம்
22.8.2009

செல்லக்கனிக்கு வாழ்த்துதல். துவையல் அரைத்தேன். அம்மிச் சத்தம் கேட்கவில்லை, உன் அக்காளின் சிரிப்பு மட்டும் எப்படியோ கேட்டது.

பேச்சுக்கு வடிவம் வேண்டும். ஆதியாகமம் பதினெட்டில் தொடங்கு. பத்தொன்பதில் தொடங்குகிறவன் பாதிக் கதையைத்தான் சொல்கிறான். பதினெட்டில் உச்சிவெயிலில் மூன்று அந்நியர் வருகிறார்கள். ஆபிரகாம் கிழவன் ஓடிப்போய் வரவேற்று, கால் கழுவத் தண்ணீர் கொடுத்து, கன்றை அடித்துச் சமைத்துப் போடுகிறான். அடுத்த அதிகாரத்தில் அவர்களில் இருவர் சோதோமுக்குப் போகிறார்கள். லோத்து உள்ளே அழைக்கிறான். ஊரே திரண்டு கதவை உடைக்க வருகிறது. ஒரு வீடு அழைத்தது, ஓர் ஊர் பாய்ந்தது என்று இரண்டையும் அருகருகே வை. திரண்ட ஊரார் பிரியப்பட்டு வரவில்லை, பலவந்தம் பண்ண வந்தார்கள் என்பதை அழுத்திச் சொல். நியாயாதிபதிகள் பத்தொன்பதில் இதே கதை ஒரு பெண்ணுக்கு நடக்கிறது. அங்கே அதை யாரும் ஆண்-பெண் காரியம் என்று சொல்வதில்லை, கொடுமை என்றே சொல்கிறோம்.

பிறகு மத்தேயு பத்து. தம் சீஷரை ஏற்றுக்கொள்ளாத ஊரைப் பற்றிப் பேசும்போதுதான் ஆண்டவர் சோதோமின் பெயரை எடுக்கிறார். எங்கே எடுக்கிறார், எதற்கு எடுக்கிறார் என்று சபையைப் பார்த்துக் கேட்டுவிட்டு ஒரு நிமிஷம் பேசாமல் நில். அந்த இடத்தில் கைதட்டுவார்கள்.

செல்லையா லேவியராகமத்தை எடுத்தால், அதே புத்தகத்தில் இரண்டு வகை நூல் கலந்த துணி ஆகாது என்று இருக்கிறது, மூப்பருடைய ஜிப்பா எந்தத் துணி என்று கேள். இது சிறிது தரக்குறைவுதான், ஆனால் எடுபடும்.

இவையெல்லாம் பட்டிமன்றத்துக்கு. என் விசுவாசம் வேறு. ரோமர் முதலாம் அதிகாரத்துக்கு உன் கட்சியிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அதனால் அதை எடுக்காதே.

ஜெபசிங் ஒரு கார்டாவது எழுதக் கூடாதா? கேட்டுக்கொண்டான் என்று எழுதுகிறாய். என்ன சொன்னான் என்று எழுதவில்லை.

கர்த்தர் உன் நாவில் இருப்பாராக. அங்கே ஏற்கெனவே நெரிசல் அதிகம்.

அத்தான் ஞானசிகாமணி


ஆர்.கே.புரம்
6.9.2009

அன்பான அத்தானுக்கு ஸ்தோத்திரம். உங்கள் சகலைக்குச் சளி, எனக்குச் சிரிப்பு, இரண்டும் நிற்கவில்லை.

மூப்பர் செல்லையா கோயிலில் தனியாக நின்று பேசிப் பழகினதை நேற்று கேட்டேன். "ஆதலால் பிரியமானவர்களே, சற்றே தரித்து நின்று சிந்திப்போமாக" என்றார். அத்தான், என் கல்யாணத்திலும் அதைச் சொன்னீர்கள், எங்கள் அப்பா அடக்க ஆராதனையிலும் அதைச் சொன்னீர்கள். இந்த உலகத்தில் வேறு ஒரு ஆளும் தரித்து நிற்பதில்லை. கிட்டே போய் அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து. "கொழுந்தியாள் ஜிப்பாவைப் பற்றிக் கேட்பாள், அன்று கதர் அணியவும்" என்று அடியில் எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டு கட்சிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டு உபதேசியார் அங்கே பிரண்டைத் துவையலோடு உட்கார்ந்திருக்கிறார். கேட்டால், கேட்டவனுக்கு வசனம் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பீர்கள். சொல்லுங்கள்.

போதகரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டுவிட்டார். இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர்தான் நடுவராக இருக்க வேண்டும் என்று உங்களையே அழைக்கப் போகிறார். காது கேட்காதே என்றேன். நடுவருக்கு அது நல்லதுதான் என்றார்.

ஜெபசிங் என்ன சொன்னான் என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்று சொன்னான். அந்தப் பெண் மட்டும் இல்லை, எந்தப் பெண்ணும். இதை உங்களுக்கு எழுத அவனுக்குத் தைரியம் இல்லை. எனக்கும் பேனா நாலு தடவை கீழே விழுந்தது.

அக்காளுக்கு அன்பு.

செல்லக்கனி


கிருபாபுரம்
19.9.2009

செல்லக்கனிக்கு. சுகம், சுகமே வேண்டுகிறோம்.

போதகரின் அழைப்பு வந்தது, வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு எழுதிவிட்டேன். அதில் ஒரு வரி: "இரண்டாம் கட்சிக்கு யாரும் வராதபோது சகோதரி செல்லக்கனி தாமே கை தூக்கி அதை வாங்கிக்கொண்டார்கள்."

நீ எனக்குச் சீட்டு விழுந்தது என்று எழுதினாய்.

மேடை ஏறினால் கால் நடுங்குகிறவள் நீ. உன் கல்யாணத்தில் உடன்படிக்கை சொல்லவே தண்ணீர் குடிக்கப் போனவள். யாருக்காகக் கை தூக்கினாய்?

பதில் எழுது.

ஞானசிகாமணி


ஆர்.கே.புரம்
13.10.2009

அன்பான அத்தானுக்கும் அக்காளுக்கும் ஸ்தோத்திரம். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் உடம்புக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் சுகம். டில்லியில் காலையில் லேசாகக் குளிர் தொடங்கிவிட்டது. வரும்போது ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள், தலைக்குத் துண்டு போதாது. முடிந்தால் கருப்பட்டி. மிளகாய்ப்பொடி வேண்டாம், உங்கள் கடிதமே போதுமான காரம்.

நீங்கள் கேட்டதற்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினால் நீங்கள் வாசிப்பீர்கள். வாசித்தால் ஒரு வசனம் அனுப்புவீர்கள். அதற்கு நான் உங்களிடமே இன்னொரு வசனம் கேட்டு வாங்கி உங்களுக்கே திருப்பி அனுப்ப வேண்டும். தபால்காரன் பாவம்.

அதனால் எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். போன வருஷம் ஜெபசிங்குக்கு டெங்கு வந்து ரத்தம் ஏற்றினார்களே, உங்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றுதானே சொன்னோம். அத்தனை நாளும் அவன் கட்டிலுக்குக் கீழே பேப்பர் விரித்துப் படுத்திருந்தது கௌதமன். வாந்தி எடுத்ததைத் துடைத்ததும் அவன். நான் ரசம் கொண்டுபோனேன், அவ்வளவுதான். உங்கள் மகன் கண் விழித்ததும் கேட்டது என்னை இல்லை.

ஜெபசிங்கும் கௌதமனும் நாலு வருஷமாக ஒரே வீடு, ஒரே குடும்பம். இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு.

வாருங்கள். கோபம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள், என் வீட்டில் இடம் இருக்கிறது.

செல்லக்கனி


கிருபாபுரம்
21.10.2009

செல்லக்கனிக்கு. சுகம்.

திருக்குறள் எக்ஸ்பிரஸில் வருகிறேன். ஒப்புக்கொண்ட வார்த்தைக்காக வருகிறேன், வேறு எதற்கும் இல்லை. உன் வீட்டில் தங்குவேன். முனிர்காவுக்குப் போகமாட்டேன். சகலையை ஸ்டேஷனுக்கு அனுப்பு.

உன் அக்காள் கருப்பட்டி எடுத்து வைத்திருக்கிறாள்.

ஞானசிகாமணி


ஆர்.கே.புரம்
4.11.2009

என் உயிருக்கு உயிரான அன்னக்கனி அக்காளுக்குத் தங்கை செல்லக்கனி ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. முழங்காலைத் தூக்கி ஸ்டூல் மேல் வைத்துக்கொண்டு வாசி. அத்தான் இன்று ரெயில் ஏறினார். இது உன் கைக்கு வருமுன் எல்லாம் சொல்லியிருப்பார், ஆனால் பாதியை விழுங்கியிருப்பார். அந்தப் பாதிதான் இது.

ஜெபசிங்குக்கு எப்போது கல்யாணம் என்று நீ ஒரு நாளும் என்னிடம் கேட்டதில்லை. அதனால் உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

திருக்குறள் வந்து நிற்பது நிஜாமுதீனில். என் வீட்டுக்காரர் போய் நின்றது புதுடில்லி ஸ்டேஷனில். இருபத்தாறு வருஷமாக டில்லியில் இருக்கிற மனுஷனுக்கு இது தெரியாதா என்று அத்தான் ரெயில் ஏறும் வரை திட்டினார். பாவம், அவர் நான் சொன்ன ஸ்டேஷனுக்குத்தான் போனார்.

நிஜாமுதீனில் நின்றது கௌதமன். ஜெபசிங்குக்கு டியூட்டி. அத்தானின் மூக்கைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டான், அதே மூக்கைத்தானே தினமும் வீட்டில் பார்க்கிறான். நடைமேடையிலேயே காலில் விழுந்திருக்கிறான். "எந்திரி தம்பி, கர்த்தர் பாதத்துல மட்டுந்தான் விழணும்" என்று அத்தான் பின்னால் நகர்ந்து ஒரு போர்ட்டர் மேல் மோதி, அந்தப் போர்ட்டர் இந்தியில் சொன்னதைக் கௌதமன் இன்றுவரை மொழிபெயர்க்க மறுக்கிறான். அத்தானுக்குக் காது இல்லை, இவனுக்குத் தமிழ் இல்லை, அதனால் இரண்டு பேருக்கும் சண்டை போட வழியே இல்லாமல் போயிற்று. "அப்பா, ஜல்தி, ஆட்டோ நிக்குது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டான். பெட்டி போனால் ஆளும் போகத்தானே வேண்டும்.

முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. நான் கோயிலில் தோரணம் கட்டப் போயிருந்தேன். சாவி என் இடுப்பில். பிறகு வேறு எங்கே போவார்கள், முனிர்காவுக்குத்தான்.

அக்கா, அங்கே ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு கட்டில். கட்டிலை எண்ணக் காது வேண்டியதில்லை. அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாராம். கௌதமன் புது விரிப்பு விரித்து, தலையணையைத் தட்டிப் போட்டு, "நீங்க இங்க, நாங்க கீழ" என்று கையால் காட்டியிருக்கிறான். வெந்நீர் வைத்துக் கொடுத்தான். குளித்து வந்தவருக்குச் சோறும் மோர்க்குழம்பும் பரிமாறினான். அத்தான் கண்ணை மூடிச் சாப்பாட்டு ஜெபத்தை ஆரம்பித்தார். அவர் குரல்தான் உனக்குத் தெரியுமே. வீட்டுச் சொந்தக்காரன் இந்த ஊர் ஜாட் சாதிக்காரன், யாரோ அடித்துக்கொள்கிறார்கள் என்று கம்போடு மாடி ஏறி வந்துவிட்டான். வந்தவனையும் உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறான் கௌதமன்.

மறுநாள் நான் போய், "என்ன அத்தான், நம்ம வீட்டுக்கு வரலியா?" என்று அவர் காதில் கத்தினேன். "இங்க சோறு குழையாம இருக்கு" என்றார். எத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கை அக்கா இது. பொறுத்துக்கொண்டேன். பெட்டியை எடுக்கவே இல்லை. திரும்பும் வரை அங்கேயேதான் இருந்தார். அப்பனும் மகனும் பேசிக்கொண்டார்களா என்றால், இல்லை. ஜெபசிங் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தான். இவர் கையை நீட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான் நான் பார்த்தது.

பட்டிமன்றத்துக்கு வருகிறேன். பூசணிக்காய்களுக்கு நடுவே நாற்காலி போட்டு அத்தானை உட்கார வைத்தார்கள். மூப்பர் செல்லையா கதர் ஜிப்பாவில் வந்து முழங்கினார். அத்தானுக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் மூப்பரின் வாயைப் பார்த்துக்கொண்டே இவர் வாயும் அசைகிறது. எழுதியவர் ஆயிற்றே. மூப்பர் ஒரு இடத்தில் மறந்து நின்றார். நடுவர் நாற்காலியிலிருந்து கணீர் என்று ஒரு குரல், "யூதா, ஏழாம் வசனம், அந்நிய மாம்சம்." கோயிலே சிரித்துவிட்டது. அத்தானுக்கு மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

அடுத்து நான். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு ஏறினேன். ஆபிரகாம் வரை ஓடிவிட்டேன். கதவை உடைக்க வந்தார்களே, அந்த இடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரையும் பார்த்துவிட்டேன். அடுத்த வரி மறந்துபோயிற்று. வேறு ஒன்றும் வரவில்லை. எனக்கும் சொல்லிக் கொடுப்பார் என்று அத்தானைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, அவர் குரலா என்று எனக்கே சந்தேகம், "மத்தேயு பத்து" என்றார். சொல்லி முடித்தேன். கைதட்டுவார்கள் என்று எழுதியிருந்த இடத்தில் ஒருவரும் தட்டவில்லை. எல்லோரும் சும்மா இருந்தார்கள். அது கைதட்டலைவிட நன்றாக இருந்தது.

தீர்ப்புக்கு எழுந்தார். "பிரியமானவங்களே, ரெண்டு கட்சியும் நல்லாப் பேசுனாங்க. நல்லாத்தான் பேசுவாங்க, எழுதுனவன் நான்." சிரித்தார்கள். "நம்ம பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வழக்குத் தீக்கப் போறவன் ரெண்டு கட்சியில எந்தக் கட்சி வீட்டுலயும் கை நனைக்கக் கூடாது. நனைச்சிட்டா நாற்காலிய விட்டு எந்திரிச்சிரணும். நான் கை நனைச்சிட்டேன். ஒரு நேரமில்ல, அத்தன நேரமும். அதனால தீர்ப்புச் சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல." சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினார்.

மூப்பர் எழுந்து, "கொழுந்தியா வீட்டுல சாப்புட்டா என்னவே, அது உறவுதான?" என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அக்கா, என் வீட்டில் அவர் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

நேரே கடைசி பெஞ்சுக்குப் போனார். கௌதமன் நகர்ந்து இடம் விட்டான். உட்கார்ந்தார். போதகருக்குத் தீர்ப்பே வராமல் போனதில் ஏற்பட்ட சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, அந்த வேகத்திலேயே முதல் பூசணிக்காயை ஏலத்துக்குத் தூக்கிவிட்டார்.

நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தானிடம் எதையும் கேட்காதே. மோர்க்குழம்பு வைத்துக் கொடு.

உன் தங்கை செல்லக்கனி


கிருபாபுரம்
25.11.2009

அன்புள்ள செல்லக்கனிக்கும், ஸ்டேஷன் தெரியாத சகலைக்கும் வாழ்த்துதல். பயணக் களைப்பு தீர்ந்து நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் கடிதம் வந்த அன்றே உன் அக்காள் மோர்க்குழம்பு வைத்தாள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. சுமாராக இருந்தது.

எழுதத் தாமதமானதற்குக் காரணம் பெண் வீட்டாருக்கு எழுத வேண்டியிருந்தது. மூன்று இன்லண்ட் வீணாயிற்று. பொய்யும் எழுதக்கூடாது, முழுவதும் எழுதவும் எனக்குத் திராணி இல்லை. கடைசியில், பையனுக்கு டில்லியிலேயே அமைந்துவிட்டது, எங்களுக்கு முன்னமே தெரியாமல் போனது, மன்னிக்க வேண்டும் என்று எழுதினேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அவர்கள் அதைப் பஞ்சாபிப் பெண் என்று எடுத்துக்கொண்டார்கள். இப்போது ஊர் முழுவதும் உபதேசியார் வீட்டில் பஞ்சாபி மருமகள் என்று பேச்சு. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "மருமவ சப்பாத்தி சுடுவாளா?" என்று அன்னக்கனியிடம் கேட்டாள். "சோறு பதமா வடிக்குமாம்" என்றாள் உன் அக்காள். நாற்பது வருடப் பிரசங்கத்தில் நான் இவ்வளவு ஜாக்கிரதையாக ஒரு வாக்கியம் அமைத்ததில்லை.

உன் கட்சி ஜெயித்ததாக டில்லியில் சொல்லிக்கொண்டு திரியாதே. லேவியராகமம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. ரோமர் முதலாம் அதிகாரத்தைத் தினமும் வாசிக்கிறேன். வாசித்தால் நிறுத்தாமல் இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தையும், மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கிற மனுஷனைப் பற்றி வருகிறதே, அதையும் சேர்த்து வாசிப்பது என்று வைத்திருக்கிறேன். இன்னும் ஒரு முடிவும் கிடைக்கவில்லை. கிடைக்குமா என்றும் தெரியவில்லை. செல்லையா கேட்டால் உபதேசியார் தரித்து நிற்கிறார் என்று சொல்.

ஜெபசிங்கோடு அந்தக் காரியம் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரெயில் நகரும்போது ஜன்னல் பக்கம் நடந்துவந்து ஏதோ சொன்னான். இடது காதுப் பக்கம், ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று தலையாட்டினேன். அவன் அப்படியே நின்றுவிட்டான், முகத்தைத் துடைத்துக்கொண்டான். என்ன சொன்னான் என்று அவனிடம் விசாரிக்காதே. நான் சரி என்றது சரிதான்.

ஒரு அவசர காரியம். அன்னக்கனி நேற்று பஸ் ஏறி நாசரேத்துக்குப் போய்க் கிறிஸ்மஸ் துணி எடுத்து வந்துவிட்டாள். முழங்காலோடு எப்படிப் போனாள் என்று தெரியவில்லை. ஒரே நீலக் கட்டம் போட்ட துணியில் இரண்டு சட்டைக்கு. ஜெபசிங்கின் அளவு தையல்காரரிடம் இருக்கிறது. மற்ற சட்டைக்குத் தோள், கை நீளம், கழுத்து வேண்டும். டிசம்பர் பாதி தாண்டிவிட்டால் அவர் புதுத்துணி வாங்கமாட்டார். நீ அளக்காதே, உன் அளவில் தைத்தால் அதில் இரண்டு பேர் நுழையலாம். ஜெபசிங்கையே அளந்து எழுதச் சொல்.

கர்த்தர் உங்கள் எல்லோரையும், முனிர்காவில் உள்ளவர்களையும், காப்பாராக.

அத்தான் ஞானசிகாமணி